பேனரிலிருந்து வந்த கோடு

நேயர்களுக்கு வணக்கம். ஓவியர் எம்.எஃப். ஹுசைனைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். நான் விமர்சகன் இல்லை. ஃப்ளெக்ஸ் வரும்வரை சினிமா பேனர் வரைந்து பிழைத்தவன். அந்தத் தொழில் தெரிந்தவன் கண்ணுக்கு ஹுசைன் எப்படித் தெரிகிறார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

1915இல் பண்டரிபுரத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் போய்விட்டார். வளர்ந்தது இந்தூரில். 1930களின் நடுவில் பம்பாய்க்கு வந்து, தெருவோரத்தில் சினிமா பேனர் வரைந்தார். சதுர அடிக்குச் சில அணாதான் கூலி. கல்யாணம் ஆன பிறகு ஒரு மரச்சாமான் கம்பெனியில் பொம்மைகளும் குழந்தைகளுக்கான மேசை நாற்காலிகளும் வடிவமைத்தார்.

பேனர் வேலை எப்படி நடக்கும் என்று இளைய நேயர்களுக்குத் தெரியாது. கையில் உள்ளங்கையளவு ஸ்டில் ஒன்று இருக்கும். அதில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டுக் கரியால் உருவத்தை ஏற்றுவோம். சாரத்தில் நின்று வரைகிறவனுக்குக் கதாநாயகியின் முழு முகம் தெரியாது. எதிரே ஒரு காதோ பாதி உதடோதான் இருக்கும். முழுசும் மனசில் இருந்தால்தான் கை ஓடும். வெள்ளிக்கிழமை படம் வந்தாக வேண்டும், அழித்துத் திருத்த நேரம் கிடையாது. பஸ்ஸில் போகிறவன் ஒரு நொடி பார்ப்பான். அதற்குள் அவனுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட வேண்டும். அதனால் விளிம்புக்கோடு தடிமனாக இருக்கும். முகத்தின் ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் ரோஸ் என்று வண்ணமும் துணிந்து விழும்.

இனி ஹுசைன் ஓவியங்களைப் பாருங்கள். தடித்த கறுப்புக் கோடு, பெரிய பெரிய வண்ணப் பரப்பு. பல பெண்களுக்குக் கண்ணும் மூக்கும்கூட இருக்காது, நிற்கிற நிலையை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பேனர்காரராக இருந்து ‘முன்னேறி’ ஓவியரானார் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. அவர் பேனரையும் கூடவே கூட்டிக்கொண்டுதான் கேலரிக்குள் போனார்.

அது மட்டும் போதாது என்பதும் உண்மை. அப்படியென்றால் எங்கள் பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஹுசைன் ஆகியிருக்க வேண்டுமே! 1947இல் பம்பாயில் ஓவியர் சூசா தொடங்கிய முற்போக்குக் கலைஞர் குழுவில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தில்லியில் ஒரு பெரிய கண்காட்சியில் வடக்கே மதுராவின் பழைய கற்சிற்பங்களையும், ஜம்மு மலைப்பகுதியைச் சேர்ந்த பசோலி சிற்றோவியங்களையும் பார்த்தார். சிற்பத்திலிருந்து உடலையும் சிற்றோவியத்திலிருந்து வண்ணத்தையும் எடுத்துக்கொண்டார். கோடு மட்டும் முன்பே கையில் இருந்தது என்பேன்.

1955இல் மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் முதல் தேசியக் கண்காட்சியில் ‘ஜமீன்’, அதாவது நிலம், என்ற ஓவியத்துக்குப் பரிசு கிடைத்தது. உயரம் மூன்று அடி, நீளம் பதினெட்டு அடி. அதற்கு முந்தைய ஆண்டு வரைந்த ‘கிராம யாத்ரா’வும் அதே மாதிரிதான்: ஏறக்குறைய பதினான்கு அடி நீளத்தில் பதின்மூன்று கிராமத்துக் காட்சிகள். அதை ஒரு மருத்துவர் வாங்கிப் போய், பல்லாண்டுகள் ஓஸ்லோவில் ஒரு மருத்துவமனையில் மாட்டியிருந்தார்கள். 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 118 கோடி ரூபாய்க்குப் போனது. சதுர அடி என்ன விலை என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி, போகாது.

கடைசிக் காலம் கசப்பானது. இந்துத் தெய்வங்களை வரைந்த விதத்துக்காக வழக்குகளும் மிரட்டல்களும் வந்தன. 2006இல் நாட்டை விட்டுப் போனார். 2008இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். தொண்ணூறு வயது ஓவியர் தம் வீட்டிலிருந்து வரைய வேண்டியவர் என்று தீர்ப்பில் எழுதினார். அதே நீதிபதிதான் பின்னாளில் சென்னைக்குத் தலைமை நீதிபதியாக வந்து, எதிர்ப்பால் எழுதுவதையே நிறுத்தியிருந்த நம் எழுத்தாளர் பெருமாள்முருகனை 2016இல் திரும்ப எழுதச் சொன்னவர். ஆனால் ஹுசைன் திரும்பவில்லை. 2010இல் கத்தார் குடிமகனானார். 2011 ஜூன் 9 அன்று லண்டனில் காலமானார்.

‘ஜமீன்’ தில்லி தேசிய நவீன ஓவியக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள், காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வைத்திருந்தால், நேரே கிட்டே போய்விடாதீர்கள். எதிர்ச் சுவர் வரை பின்னால் போய் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் நெருங்குங்கள். வணக்கம்.