எஞ்சின் நின்றாலும் சுற்றும் விசிறி

மாண்புமிகு ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்துதவிய வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம். சால்வை போர்த்தினீர்கள், நன்றி. அடுத்த ஆண்டு அந்தக் காசுக்கு இரண்டு ஸ்குரூடிரைவர் வாங்கி ஆய்வகத்தில் வையுங்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

ஹெலிகாப்டரைப் பற்றி நான்கு கேள்விகள். உடல் ஏன் சுற்றுவதில்லை? ஏன் ஒரு பக்கமாகக் கவிழ்வதில்லை? எஞ்சின் நின்றால் என்ன ஆகும்? மலை உச்சியில் ஏன் திணறுகிறது?

முதல் கேள்விக்கு விடை உங்கள் வகுப்பறைக் கூரையில் தொங்குகிறது. மோட்டார் இறக்கையை ஒரு பக்கம் தள்ளினால், இறக்கை மோட்டாரை மறுபக்கம் தள்ளும். கூரைக் கொக்கி பிடித்துக்கொள்வதால் மோட்டார் சும்மா இருக்கிறது. வானத்தில் கொக்கி ஏது? வாலில் இருக்கும் சின்ன விசிறிதான் அந்த வேலையைச் செய்கிறது.

இரண்டாவது. இறக்கையின் நுனி நொடிக்கு 200 மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். ஹெலிகாப்டர் நொடிக்கு 50 மீட்டர் முன்னேறினால், முன்னோக்கி வரும் இறக்கைக்குக் காற்று 250. பின்னோக்கிப் போவதற்கு 150. தூக்குவிசை வேகத்தின் இருமடிப்படி கூடும். ஆக நுனியில் ஒரு பக்கம் மறுபக்கத்தைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு! கவிழத்தானே வேண்டும்? ஸ்பெயின் நாட்டு ஹுவான் டி லா சியெர்வாவின் முதல் ஆட்டோஜைரோக்கள், அதாவது மேல் இறக்கைகளை எஞ்சின் சுற்றாமல் காற்றே சுற்றும் விமானங்கள், அப்படித்தான் சாய்ந்தன. இறக்கை நடுத்தண்டோடு சேரும் இடத்தில் கீல் வைத்தார், 1923இல் பறந்தது. விசை கூடிய இறக்கை கீலில் மேலே எழும். எழும்போது காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும். விசை தானே தணியும். கதவுக் கீல்தான் ஐயா, வேறொன்றுமில்லை!

மூன்றாவதற்கு ஒரு கதை. 1972 ஜூன் 21. பிரான்சில் ழான் பூலே என்ற விமானி லாமா ஹெலிகாப்டரில் ஏறுகிறார். இந்தியப் படையின் இமயமலைத் தேவைக்காகவே உருவான வண்டி அது, பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை அதைத்தான் ‘சீட்டா’ என்று செய்தது. எடை குறைக்க வேண்டாததையெல்லாம் கழற்றியாயிற்று. ஏறுகிறார், ஏறுகிறார்... 12,442 மீட்டர்! எவரெஸ்ட்டின் மேல் இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர். உலக சாதனை. கீழே திரும்பலாம் என்று விசையைக் குறைக்கிறார், எஞ்சின் அணைந்துவிட்டது. விழுந்தாரா? இல்லை. எஞ்சினே இல்லாமல் தரைவரை வந்து பத்திரமாக இறங்கினார்.

எப்படி? சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, அந்த ஃப்ரீவீல் இங்கும் உண்டு. எஞ்சின் நின்றதும் சுழலியை, அதாவது மேலே சுற்றும் இறக்கைகளை, விட்டுவிடும். விமானி உடனே இடக்கை நெம்புகோலைக் கீழே அமுக்கி இறக்கைகளின் கோணத்தைத் தாழ்த்த வேண்டும். கீழிருந்து வரும் காற்று சுழலியைச் சுற்றவைக்கும். சின்ன ஹெலிகாப்டரில் ஒன்றிரண்டு நொடி தாமதித்தாலும் சுழற்சி தளர்ந்துவிடும், பிறகு மீளாது. தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொல்வார். கடைசியில் நெம்புகோலை மேலே இழுப்பார். சுழற்சியில் சேர்ந்த ஆற்றல் மெத்தைபோல் தாங்கும். ஒரே முறைதான். உயரத்தில் இழுத்துவிட்டால் தரைக்கு மிச்சம் இருக்காது.

இதைக் கரும்பலகையில் எழுதினால் மனப்பாடம் ஆகும்; புரியாது. ஏட்டுச் சுரைக்காய்! 21 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலத்தில் ஒரு தாள். மேலிருந்து நடுவே 10 செ.மீ. வெட்டி, ஒரு பாதியை முன்னும் மறுபாதியைப் பின்னும் மடியுங்கள். அடிப்பகுதியைக் குறுக்கி ஒரு கிளிப். மாடியிலிருந்து விடுங்கள், சுற்றிக்கொண்டே மெல்ல இறங்கும். இரண்டையும் ஒரே பக்கம் மடித்தால் சுற்றாது. கிளிப் மூன்றானால் விர்ரென்று விழும். ஏன் என்று பிள்ளை கேட்கும். அதற்குத்தான் வாரம் ஒரு பாடவேளை கேட்கிறேன்.

நான்காவது கேள்வியை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளலாம். காலையில் போய்ப் பார்த்தேன், கதவில் பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது அம்மா?