சீனியரைத் தாண்டிப் பதவி கொடுக்கலாமா?

நேயர் ஒருவர் கேட்ட கேள்வி இரண்டு நாளாக மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "1983இல் சீனியரான ஜெனரல் சின்ஹாவைத் தாண்டி வைத்யா ராணுவத் தலைமைத் தளபதி ஆனார், 2016இல் பக்‌ஷி, ஹாரிஸ் இருவரையும் தாண்டி ராவத். அப்படியானால் நம் ராணுவத்தில் சீனியாரிட்டிக்கு என்னதான் மதிப்பு?"

சரி, நேராகவே சொல்கிறேன். தலைமைத் தளபதியை நியமிப்பது அரசின் உரிமை. சீனியரைப் போடுவது வழக்கம், கட்டாயம் கிடையாது. சின்ஹா பதவியை விட்டு விலகினார். பக்‌ஷியும் ஹாரிஸும் ஓய்வு பெறும்வரை பணியில் இருந்தார்கள். மூவர்மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

ஆனால் என் மனம் அடித்துக்கொள்வது கர்னல் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கர்னல் போர்டை நினைத்துத்தான். பழைய விளக்கங்களிலும் சொல்லியிருக்கிறேன்: 2 வருடத்தில் கேப்டன், 6இல் மேஜர், 13இல் லெப்டினன்ட் கர்னல், இதுவரை சர்வீஸ் வருடங்களை வைத்தே பதவி உயர்வு. கர்னலாக வேண்டுமென்றால் தேர்வு வாரியம். பெரும்பாலானவர்கள் நின்றுபோவது அங்கேதான். வாரியத்தின் முன் அதிகாரியின் பெயரை மறைத்துத்தான் விவரங்களை வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்போது அவருக்காகப் பேசுவது முக்கியமாக மேலதிகாரிகள் அவரைப் பற்றி வருஷாவருஷம் எழுதிய ரகசிய அறிக்கைகள்தான். முதல் முறை விட்டால் இன்னும் இரண்டு வாய்ப்பு உண்டு. அதில் தேறினாலும் சொந்த பேட்சோடு இருந்த சீனியாரிட்டி போய்விடும்.

அப்படிக் கர்னல் போர்டில் நின்றுபோன, எனக்குத் தெரிந்த ஒருவர், தன்னிடம் வேலை பழகிய ஜூனியரே தன் படைப்பிரிவின் தலைவராக, கமாண்டிங் ஆபீசராக, வந்தபோது முதல் ஆளாகப் போய் சல்யூட் அடித்தார். "அதில் வருத்தமே இல்லை. எந்த வருஷத்து அறிக்கை என்னைத் தள்ளியது, அதுமட்டும் தெரிந்தால் போதும்" என்றார். அப்புறம் வெகுநேரம் வயல் வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அதனால் அறிக்கை, அறிக்கை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எழுதும்போது எழுதுகிறவர் என்ன நினைத்தார் என்று கேளுங்கள். பெண் அதிகாரிகளையே பாருங்கள். இவர்களுக்கு நிரந்தரப் பணி இல்லையே என்று பல அறிக்கைகளை ஏனோதானோவென்று எழுதி வைத்தார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிரந்தரப் பணி கொடுக்கச் சொன்னதும், அதே பழைய அறிக்கைகளை எடுத்து மதிப்பெண் போட்டார்கள். பெண் அதிகாரி நிதிஷா தொடுத்த வழக்கில் 2021 மார்ச்சில் நீதிமன்றம் இதைப் பாரபட்சம் என்றே சொல்லி, மறுபடி பரிசீலிக்க உத்தரவிட்டது. அதற்குள் அவர்களில் பலருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது.