சட்டம் அல்ல, பணமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

கம்யூனிச ஆட்சி வீழ்ந்த நாடுகளில் பத்திரிகையின் குரல்வளையை அதிகம் நெரிப்பது அரசின் சட்டமா, முதலாளியின் பணமா? பணம்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி ஹங்கேரியை எடுத்தார். 2010இல் விக்டர் ஓர்பான் பிரதமரானதும் வந்த ஊடகச் சட்டத்தைச் சொன்னார். 2021இல் க்ளூப்ராடியோ வானொலி அலைவரிசையை இழந்ததைச் சொன்னார். இரண்டும் உண்மை. ஆனால் சகோதரி, அந்த வானொலி அன்றோடு வாயை மூடிக்கொண்டதா? இல்லையே! நேயர்கள் கொடுத்த நன்கொடையில் இணையத்தில் தொடர்ந்து பேசியது.

அதே ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் நேப்சபத்ஷாக் என்றொரு நாளிதழ். 1956இல் தொடங்கி, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் குரலாகவே இருந்து, கம்யூனிச ஆட்சி போனபின் தன் காலில் நின்று, ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்ட பத்திரிகை. 2016 அக்டோபர் 8, சனிக்கிழமை, அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது யார்? போலீஸா? நீதிமன்றமா? முதலாளி! புது அலுவலகத்துக்கு மாறுகிறோம் என்று சொல்லி ஊழியர்களைச் சாமான் கட்டவைத்தார்கள். கட்டிய பெட்டியைப் பிரிக்கும் முன்பே பத்திரிகை இல்லை. கேட்டால், நஷ்டமாம். அமைச்சர் ஒருவர் ஹெலிகாப்டரில் கல்யாணத்துக்குப் போனதை அந்தப் பத்திரிகை அம்பலப்படுத்தியது அதற்குச் சற்று முன்புதான். அந்த மாதம் முடிவதற்குள் அதன் தாய் நிறுவனமே கைமாறியது. வாங்கிய நிறுவனம், ஓர்பானின் ஊர்க்காரரும் நண்பருமான லோரின்ட்ஸ் மேசாரோஷுக்கு நெருக்கமானது.

"அப்படியானால் பின்னால் இருந்தது அரசுதானே?" என்று எதிரணி கேட்கும். நானும் ஒன்று கேட்கிறேன். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பலம் கண்ட ஓர்பானுக்கு ஒரு பத்திரிகையைத் தடைசெய்யச் சட்டம் எழுதத் தெரியாதா? எழுதினால் ஐரோப்பிய ஒன்றியம் கேள்வி கேட்கும், வழக்கு வரும். விற்பனைப் பத்திரத்தை யார் கேள்வி கேட்பது? நஷ்டக் கணக்கை எதிர்த்து எந்த வாசகர் வழக்குப் போடுவார்?

2018 நவம்பரில் இன்னும் துணிந்தார்கள். அரசுக்கு ஆதரவான முதலாளிகள் 400க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்கு இனாமாகத் தூக்கிக் கொடுத்தார்கள். காசு போட்டுத் தொழில் செய்கிறவர் இப்படிக் கொடுப்பாரா? கொடுப்பார், அரசு விளம்பரமும் ஒப்பந்தமும் அவருக்கு வந்துகொண்டே இருந்தால்! அடுத்த மாதமே அந்த அறக்கட்டளைக்குப் போட்டிச் சட்ட விசாரணையிலிருந்து, அதாவது ஒருவரே சந்தையை வளைத்துப்போடுவதைத் தடுக்கும் விசாரணையிலிருந்து, விலக்குக் கொடுத்தது அரசு. எதிரணி கவனிக்க வேண்டும்: பணம் உள்ளே வருவதற்காகச் சட்டத்தையே ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள்.

செக் நாட்டுக்கு வாருங்கள். ஆந்த்ரே பாபிஷ் என்ற கோடீஸ்வரர் 2013இல் இரண்டு பெரிய நாளிதழ்களை வைத்திருந்த நிறுவனத்தை வாங்கினார். 2014இல் நிதியமைச்சர், 2017இல் பிரதமர். தணிக்கைச் சட்டம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. மாறாக, அமைச்சர்கள் ஊடகம் வைத்திருக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் 2017இல் கொண்டுவந்த சட்டம்தான் தன் நிறுவனங்களை அறக்கட்டளை நிதிகளுக்கு மாற்றும்படி அவரைக் கட்டாயப்படுத்தியது.

நெரித்த கை எது, தடுக்க வந்த கை எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.