"இப்ப சரியாயிட்டாங்களா?"

எல்லாருக்கும் வணக்கம். மனநலம் பத்திப் பேசணும்னா பொதுவா ஒரு டாக்டரைத்தான் கூப்பிடுவாங்க, நான் டாக்டர் இல்ல, ரொம்ப வருஷமா நாடகம் படிக்கிறவ, பாக்குறவ, அவ்ளோதான். ஆனா எங்க சித்தி ஒருத்தங்க மனசு சரியில்லாம பல வருஷம் எங்க வீட்லதான் இருந்தாங்க, வீட்டுக்கு யார் வந்தாலும் காபி டம்ளரைக் கைல வாங்குறதுக்கு முன்னாடியே கேக்குறது ஒண்ணுதான், "இப்ப சரியாயிட்டாங்களா?" சித்தி பக்கத்து ரூம்லதான் இருப்பாங்க, அவங்க காதுலயும் விழும். அந்தக் கேள்வியை மனசுல வச்சுட்டுத்தான் சுமிதாகாவா, ஹான்ஜோங்கிற ரெண்டு ஜப்பான் நாடகத்தையும் படிச்சேன், அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

ஜப்பான்ல நோ நாடகம்னு ஒண்ணு, 600 வருஷத்துக்கு மேல தொடர்ந்து ஆடிட்டு வர்றாங்க. அதுல மனசு கலங்கினவங்க கதைக்குன்னே ஒரு வகை இருக்கு, மோனோகுருய்னு பேரு. அதுல ஒண்ணு சுமிதாகாவா, அதாவது சுமிதா ஆறு. எழுதினவர் கான்ஸே மோட்டோமாசா, நோ நாடகத்துக்கே இலக்கணம் எழுதின செயாமியோட மகன். கியோட்டோல ஒரு அம்மா, அவளோட 12 வயசுப் பையனை ஆள் விக்கிறவன் ஒருத்தன் தூக்கிட்டுப் போயிடுறான், அவ தேடித் தேடி இன்னைக்கு டோக்கியோ இருக்குற பக்கம் வரைக்கும் வந்து ஆத்தங்கரையில நிக்கிறா. கையில ஒரு மூங்கில் கொப்பு. நோ மேடையில அந்தக் கொப்பைப் பாத்தாலே ஜனங்களுக்குப் புரிஞ்சுடும், இவ புத்தி பேதலிச்சவன்னு.

ஓடக்காரன் என்ன சொல்றான் தெரியுமா? எங்களுக்கு வேடிக்கையா பைத்தியம் ஆடிக் காட்டு, ஆடலேன்னா ஓடத்துல ஏத்த மாட்டேன்கிறான். இத முதல்ல படிச்சப்ப எனக்குக் கை நடுங்குச்சு. ஏன்னா டிக்கெட் வாங்கி உக்காந்திருக்குற நாமளும் அவ ஆடுறதைப் பாக்கத்தானே வந்திருக்கோம். ஆனா அவ ஒரு பதில் குடுக்குறா பாருங்க, இசே கதைகள்ங்கிற பழைய ஜப்பான் புஸ்தகத்துல இதே சுமிதா துறையில ஓடக்காரன் 'பொழுது சாயுது, சீக்கிரம் ஏறுங்க'ன்னு சொன்னானே, நீயும் அப்படித்தானே சொல்லணும்கிறா. அங்க ஒரு வெள்ளைப் பறவை, அதை அவன் கடல்காக்கான்னு சொல்றான், இவ இல்ல, கவிதையில வர்ற மியாகோதோரி, தலைநகரப் பறவைன்னு சொல்லணும்னு திருத்துறா. அந்த ஓடத்துலயே அதிகம் படிச்ச ஆளு பைத்தியம்னு சொல்லப்பட்ட அவதான்.

ஏத்திக்கிறான். நடு ஆத்துல அவன் சும்மா ஒரு கதை சொல்றான், போன வருஷம் இதே நாள் அக்கரையில ஒரு பையன் நோயில செத்துட்டான், அவனுக்காகத்தான் ஊர் கூடி இன்னைக்கு புத்தர் நாமம் சொல்லுதுன்னு. கரை வந்தும் அவ இறங்கல. எப்போ நடந்தது? பையனுக்கு என்ன வயசு? பேரு என்ன? ஒண்ணு ஒண்ணா கேக்குறா, பதில் உமேவகமாருன்னு வருது, அவ பையனேதான். அதுக்கப்புறம் அந்த ஓடக்காரன் அதே ஆளு இல்ல, அவளைக் கூட்டிட்டுப் போய் சமாதிகிட்ட விடுறான், கையில சேகண்டி குடுத்து அம்மா நீ சொன்னாத்தான் பிள்ளை சந்தோஷப்படும்கிறான். இந்த நாடகத்துல மாறுறது அவன்தான், அவ இல்ல. நாமத்துக்கு நடுவுல பையன் குரல் கேக்குது, உருவம் தெரியுது, கையை நீட்டுறா, பிடிக்க முடியல, விடிஞ்சு பாத்தா சமாதி மேல புல்லு. அவ்ளோதான், முடிஞ்சுது. சரியாயிட்டாளான்னு கேட்டா பதிலே கிடையாது.

1956ல பெஞ்சமின் பிரிட்டன்ங்கிற இங்கிலாந்து இசையமைப்பாளர் டோக்கியோல இதைப் பாத்தார், மனசை விட்டுப் போகவே இல்ல அவருக்கு, 1964ல கர்லூ ரிவர்னு சர்ச்சுல பாடுற நாடகமா ஆக்கினார், சஃபோக்ல ஓர்ஃபோர்ட் சர்ச்சுல அரங்கேற்றம். அதுல பையனோட ஆவி வந்து அம்மா நிம்மதியா போன்னு சொல்லுது, அவ சித்தம் தெளிஞ்சுடுது. இசை அவ்ளோ அழகு, நான் அழுதிருக்கேன். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, வந்த விருந்தாளிக்கு நல்ல பதில் சொல்லி அனுப்பணுமேங்கிற அவசரம் அதுல தெரியுது, எங்க வீட்லயும் அப்படித்தான் "பரவால்ல, இப்ப தேவல"ன்னு சொல்லி அனுப்புவோம்.

இதுக்கு நேர் எதிரா நடந்தது ஹான்ஜோவுக்கு. செயாமியோட ஹான்ஜோல காதலனுக்காகக் காத்திருந்து மனசு கலங்கின பொண்ணு, ரெண்டு பேரும் மாத்திக்கிட்ட விசிறியை வச்சு ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்கிறாங்க, சுபம். 1955ல யூகியோ மிஷிமாங்கிற ஜப்பான் எழுத்தாளர் இதை அவர் காலத்துக்குக் கொண்டுவந்து திருப்பி எழுதினார். ஹனாகோ தினமும் விசிறியோட ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து இறங்குற முகத்தையெல்லாம் பாக்குறா. அவளை வீட்ல வச்சுப் பாத்துக்கிறது ஜிட்சுகோன்னு ஒரு ஓவியர். அவளைப் பத்தி பேப்பர்ல செய்தி படிச்சுட்டு நிஜமாவே அந்தக் காதலன் யோஷியோ வந்துடுறான், விசிறியோட. அவ உத்துப் பாத்துட்டு நீ அவர் இல்லன்னுடுறா. உலகத்துல மத்த ஆம்பளைங்க முகமெல்லாம் மண்டையோடு, உன் முகமும் அப்படித்தான் இருக்குங்கிறா. அவன் போயிடுறான், அவ மறுபடி காத்திருக்க ஆரம்பிக்கிறா, ஜிட்சுகோவுக்கு அதுல சந்தோஷம்.

அந்த ஜிட்சுகோவைத்தான் நான் ரொம்ப யோசிச்சேன். சோறு போடுறா, உயிரா நேசிக்கிறா, ஆனா அவ குணமாயிட்டா தன்னை விட்டுப் போயிடுவாளேன்னு பயப்படுறா. ஜப்பான்ல 1900ல வந்த சட்டப்படி மனநோயாளியை வீட்டுக்குள்ளயே கூண்டு மாதிரி ரூம் கட்டி அடைச்சு வைக்கலாம், குரே ஷூஸோங்கிற மனநல டாக்டர் ஊர் ஊரா அதைக் கணக்கெடுக்க வச்சு 1918ல அறிக்கை போட்டார், இந்த நோய் வந்தது ஒரு துரதிர்ஷ்டம், இந்த நாட்டுல பிறந்தது இன்னொரு துரதிர்ஷ்டம்னு அதுல எழுதினார். அந்த முறையை சட்டத்துலேர்ந்து எடுத்தது 1950லதான். அஞ்சு வருஷம் கழிச்சு வந்த நாடகத்துல கம்பி இல்ல, பூட்டு இல்ல, அன்பு மட்டும்தான், அதுவும் ஒரு பொண்ணை வீட்டுக்குள்ள வச்சுக்குது. மிஷிமா அதை நினைச்சு எழுதினாரான்னு நான் சொல்ல வரல, பாத்துக்கிற குடும்பத்துல ஒருத்தியா எனக்கு அது சுருக்குன்னு தைச்சுது. 2004ல தொஷியோ ஹோசோகவாங்கிற ஜப்பான் இசையமைப்பாளர் இந்த ஹான்ஜோவை ஓபராவா, அதாவது பாட்டாவே பாடுற நாடகமா பண்ணினார், பிரான்ஸ்ல எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ்ங்கிற ஊர்ல நடக்குற இசை விழாவுல அரங்கேறுச்சு.

கடைசியா சுமிதாகாவாவுக்கே வந்துடுறேன், ஒரு விஷயம் பாக்கி இருக்கு. அந்தப் பையன் மேடைக்கு வரணுமா வேண்டாமான்னு அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் நடந்திருக்கு. அம்மா கண்ணுக்குத் தெரியுறது ஆவிதானே, பையன் இல்லாமலே ஆடலாம், இன்னும் நல்லாருக்கும்னாரு செயாமி. என்னால முடியாதுன்னாரு மோட்டோமாசா. 1432ல மோட்டோமாசா செத்துட்டாரு, அப்பா உயிரோட இருக்கும்போதே, மகனை இழந்த துக்கத்தை செயாமி தனியா ஒரு சின்ன உரைநடையா எழுதி வச்சிருக்கார்.

இன்னைக்கும் பெரும்பாலும் பையனை வச்சுத்தான் ஆடுறாங்க. மேடையில துணி சுத்தின ஒரு சின்ன சமாதி இருக்கும், நாடகம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்தச் சின்னப் பையனை உள்ள உக்கார வச்சுடுவாங்க. ஓடக்காரன் ஆடச் சொல்றது, அவ பறவைக்குப் பேர் சொல்றது, ஒண்ணு ஒண்ணா கேக்குற கேள்வி, எல்லாத்தையும் அவன் இருட்டுல அசையாம உக்காந்து கேட்டுட்டே இருப்பான், அவன் முறை வர்ற வரைக்கும்.