கழுவாத அரிசியும் திரைந்த பாலும்

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் உறவுகள் "கொழும்பில நல்ல இத்தாலியச் சாப்பாட்டுக் கடை இருக்கு, வாங்கோ" என்று கூப்பிட்டால், மெனுவைப் பிடித்தபடி முழிக்க வேண்டியதில்லை. இப்படியான கொழும்புக் கடைகளில் கிடைப்பவற்றில் இரண்டை மட்டும் இன்று எடுக்கிறேன். இரண்டும் வன்னிக்குப் பழகிய பொருள்களில் ஆவன: அரிசி, பால்.

அரிசியில் செய்வது ரிசோட்டோ. வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில், எங்கள் வயல்களைப் போலவே தண்ணீர் கட்டி விளைவிக்கும் தடித்த அரிசிதான் இதற்கு. ஆர்போரியோ, கார்னரோலி என்ற இனங்கள் பேர் போனவை. நாங்கள் மூன்று தண்ணீரில் கழுவி, கல் அரித்து உலையில் போடுவோம். இதைக் கழுவவே கூடாது. அரிசியிலிருந்து கரைந்து வரும் மாப்பொருள்தான் அந்தச் சாப்பாட்டின் குழம்பு. புழுங்கலரிசியில் இது சரிவராது. நெல்லை அவிக்கும்போதே மாப்பொருள் உள்ளே இறுகிவிடும்.

ஆளுக்கு 80 கிராம் அரிசி. வெங்காயத்தைப் பட்டரில் வதக்கி, அரிசியைப் போட்டு 2 நிமிடம் கிளறி, கொஞ்சம் வெள்ளை வைன் விட்டு வற்றவிடுவார்கள். பிறகு கொதிக்கும் சூப்பை அகப்பை அகப்பையாக, மொத்தம் 300 மில்லிலீற்றர் மட்டில் விட வேண்டும். ஆறின சூப்பை விட்டால் வேகல் நின்று நின்று போய், வெளி குழைந்து நடு பச்சையாகிவிடும். 17, 18 நிமிடத்தில் இறக்கி, குளிர்ந்த பட்டரும் பார்மிஜானோ சீஸும் போட்டு அடித்துக் கிளறுவார்கள்.

தட்டு வந்ததும் சற்றுச் சரித்துப் பாருங்கள். அலை போல மெல்ல நகர்ந்தால் சரி. கட்டுச்சோறு மாதிரிக் குவிந்து நின்றால் அடுப்படியில் காத்துக்கிடந்த சாப்பாடு. 7 நிமிடத்தில் வந்தால் முன்பே அரைவேக்காட்டில் இறக்கி வைத்தது. பல இடங்களில் அது வழக்கம்தான். ஆனால் நடுவில் கடிபதம் இருப்பதை "வேகேல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள், அதுதான் பதம்.

வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர் சூப் கோழியா மாடா என்று கேட்டே ஆக வேண்டும். அசல் பார்மிஜானோவை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள். பன்னா கோட்டா என்ற பாலாடை இனிப்பில், விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலற்றின். விலைக்கு மேலே சேவைக் கட்டணமும் வற் வரியும் ஏறுமா என்பதையும் முதலே கேட்டுவிடுங்கள்.

இனிப் பால். புதுவிதக் கொக்டெயில் போடும் இடங்களில் 'மில்க் பஞ்ச்' என்று, பெயரில் பாலும் கண்ணுக்குத் தண்ணீருமாக ஒன்று வரும். றம் அல்லது பிராந்தி, தேயிலை, தேசிக்காய் கலந்த பானத்தைப் பாலில் விட்டுத் திரைய வைத்து வடித்தது. மதுவை விட்டுவிட்டு வீட்டிலும் செய்யலாம்.

250 மில்லிலீற்றர் கொதிநீரில் இரண்டு தேக்கரண்டி தேயிலையை 5 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். 60 கிராம் சீனி கரைத்து, ஆறியதும் 40 மில்லிலீற்றர் தேசிப்புளி விடுங்கள். வேறொரு பாத்திரத்தில் காய்ச்சி ஆறிய பசுப்பால் 100 மில்லிலீற்றர். பானத்தைத்தான் பாலுக்குள் விட வேண்டும், மெல்ல மெல்ல. பாலைப் பானத்துக்குள் ஊற்றினால் உடனே பொடிப்பொடியாகத் திரைந்து வடிதுணியால் நழுவும். எருமைப்பால் என்றால் ஆடையை எடுத்துவிடுங்கள்.

அரை மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். தேயிலையின் கயரைப் பாலின் புரதம் பிடித்துக்கொண்டு கட்டியாகும். அதனால்தான் வடித்த பானத்தில் கயர்ப்புக் குறைந்திருக்கும். நான்கு மடிப்பு வெள்ளைத் துணியில் ஊற்றினால் முதலில் கலங்கலாக இறங்கும். பயப்பட வேண்டாம். அதையே எடுத்துத் திரும்பத் திரையலின் மேல் ஊற்றுங்கள். இப்போது அந்தத் திரையல்தான் வடி. சொட்டுச் சொட்டாக, வைக்கோல் நிறத்தில் தெளிந்து வரும். ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் அத்தனையும் மறுபடி கலங்கிவிடும்.

குளிரூட்டியில் வைத்து, சின்னக் கட்டிகளாக அல்லாமல் ஒரே பெரிய ஐஸ் கட்டி போட்டுக் கொடுங்கள். மெல்லக் கரையும், பானம் தண்ணீராகாது. நன்றி, வணக்கம்.