லண்டன் மியூசியங்கள்: பாதியில் வெளியே வருவது எப்படி?

[காட்சி: கிரேட் ரஸ்ஸல் தெரு. பிரிட்டிஷ் மியூசியத்தின் தூண்கள், வாசலில் நீண்ட வரிசை]

லண்டனின் பெரிய மியூசியங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, சவுத் கென்சிங்டனில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மூன்று மியூசியங்கள், எல்லாமே இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட்.

பணம் மிச்சம் என்பது இருக்கட்டும். இதில் அதைவிடப் பெரிய வசதி, எப்போது வேண்டுமானாலும் வெளியே வந்துவிடலாம் என்பது. காசு கொடுத்து உள்ளே போனால், கொடுத்த காசுக்கு எல்லா அறையையும் சுற்றியே தீருவோம். மூன்றாவது மணி நேரத்தில் கால் நடக்கும், கண் எதையும் பார்க்காது.

பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில் சுமார் 80 லட்சம் பொருட்கள். அதில் காட்சியில் இருப்பவை ஏறக்குறைய 80,000. ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும், தூங்காமல் பார்த்தால் 55 நாள் ஆகும். ஆகவே முழுதும் பார்க்கும் ஆசையை வாசலிலேயே விட்டுவிடுங்கள். மூன்று பொருள் போதும்.

[காட்சி: ரோசெட்டா கல், சுற்றிலும் உயர்ந்த கைபேசிகள்]

முதலாவது, 4ஆம் அறையில் இருக்கும் ரோசெட்டா கல். எப்போதும் கூட்டம்தான். நெப்போலியனின் படையினர் 1799இல் எகிப்தில் கண்டெடுத்தது. இரண்டே ஆண்டுகளில் பிரிட்டிஷாரிடம் தோற்று, கல்லையும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே செய்தி மூன்று எழுத்துகளில் இருக்கிறது: மேலே சித்திர எழுத்து, நடுவில் எகிப்தியர் அன்றாடம் பயன்படுத்திய டெமோட்டிக், கீழே கிரேக்கம். தெரிந்த கிரேக்கத்தைப் பிடித்துக்கொண்டு 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார். உள்ளே இருந்த செய்தி என்னவோ, எகிப்தை ஆண்ட ஐந்தாம் தாலமி அரசனைப் புகழ்ந்து பூசாரிகள் போட்ட தீர்மானம். கோயில்களுக்கு வரிச்சலுகை கொடுத்தாராம்!

இரண்டாவது, அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், 10ஆம் அறை. அசீரிய அரசன் அஷுர்பனிபாலின் சிங்க வேட்டை. இன்றைய இராக்கில் இருக்கும் நினிவேயின் அரண்மனைச் சுவரில் 2,600 ஆண்டுகளுக்கு முன் செதுக்கியது. ஒரு பலகையில் கூண்டைத் திறந்து சிங்கத்தை வெளியே விடுகிறார்கள், கவனியுங்கள். காட்டில் நடந்த வேட்டை இல்லை, அரசனுக்காக ஏற்பாடு செய்த வேட்டை. அம்பு தைத்து, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு உறுமும் பெண் சிங்கத்தின் முன்னால் நின்று பாருங்கள். அரசனின் பெருமைக்காகச் செதுக்கிய சிற்பிக்கு மனசு சிங்கத்தின் பக்கம் இருந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

மூன்றாவது, 33a அறை. கண்ணாடிக்குப் பின்னால், ஆந்திராவின் அமராவதியில் இருந்த பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் பலகைகள். ஒரு பலகையைத் திருப்பி நிறுத்தி, பின்பக்கத்தில் மறுபடி செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் இடையில் சில நூற்றாண்டுகள். பின்னால் செதுக்கிய பக்கத்தில் இருப்பது ஸ்தூபத்தின் உருவமே. கட்டடம் அழிந்துபோன பிறகு, அது எப்படி இருந்தது என்பதை இதைப் போன்ற பலகைகள்தான் சொல்கின்றன. இதே ஸ்தூபத்தின் இன்னொரு பெரிய தொகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே எப்படி வந்தன, திரும்பிப் போக வேண்டுமா என்ற கேள்வி இந்தக் கட்டடத்தின் பல அறைகளில் எழும். ஏதென்ஸிலிருந்து எல்கின் பிரபு கொண்டுவந்த பார்த்தினான் கோயில் சிற்பங்களை கிரீஸ் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, வெளியே வந்துவிடுவோம்.

[காட்சி: டிரஃபால்கர் சதுக்கம், நேஷனல் கேலரி]

நேஷனல் கேலரி 1824இல் வெறும் 38 ஓவியங்களோடு தொடங்கியது. வான் கோவின் சூரியகாந்தி இங்கேதான். எல்லோரும் அங்கேதான் போவார்கள். நீங்கள் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' ஓவியத்துக்கும் போங்கள். ஆளுயரத்தில் இரண்டு கனவான்கள் நிற்கிறார்கள். காலடியில் சாய்வாக, எதுவென்று புரியாத ஒரு சாம்பல் நிறக் கோடு. ஓவியத்தின் வலது ஓரத்துக்கு நகர்ந்து, சுவரை ஒட்டி நின்று பாருங்கள். கோடு மண்டையோடாக நிமிரும். புகைப்படத்தில் இது சரியாகக் கிடைக்காது. நேரில் நின்று உடம்பை நகர்த்தினால்தான் உண்டு.

[காட்சி: சவுத் கென்சிங்டன் நிலையத்தின் சுரங்கப் பாதை]

சவுத் கென்சிங்டன் ரயில் நிலையத்திலிருந்து மியூசியங்களுக்குச் சுரங்க நடைபாதை உண்டு. மழை நாளில் இதுதான் வழி. இயற்கை வரலாற்று மியூசியத்தில் கூரையிலிருந்து தொங்கும் 25 மீட்டர் நீலத் திமிங்கில எலும்புக்கூடு. 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கியது. பக்கத்து அறிவியல் மியூசியத்தில் நிலவைச் சுற்றிவந்த அப்போலோ 10 கலம். விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் எனக்குப் பிடித்தது நகல்களுக்கான கூடம். ரோமின் டிராஜன் தூணை அப்படியே பிளாஸ்டரில் வார்த்திருக்கிறார்கள். கூரைக்கு அடங்காததால் இரண்டு துண்டாக நிற்கிறது. மைக்கேலாஞ்சலோவின் நிர்வாணச் சிலையான டேவிட்டின் நகலும் உண்டு. அரச குடும்பத்துப் பெண்கள் வரும்போது மறைப்பதற்காகச் செய்த பிளாஸ்டர் இலையைத் தனியே வைத்திருக்கிறார்கள்!

கடைசியாக நேரக் கணக்கு. பொதுவாகக் காலை 10 மணிக்குத் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரை, நேஷனல் கேலரி 9 வரை, விக்டோரியா ஆல்பர்ட் 10 வரை. மூன்றும் ஒரே நாளில் என்பதால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நான் என்றால் நேஷனல் கேலரிதான். சில அறைகளைத் திடீரென மூடுவதும் உண்டு. கிளம்புமுன் மியூசியத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த பெட்டியோடு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.