1860 சென்சஸில் குடும்பம் காணோமே? ஒரு நேயர் கேள்வி

அடுத்த கேள்வி, ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. "மருமகள் அமெரிக்கப் பொண்ணு. அவ முன்னோர் மேற்கு வர்ஜீனியா, கனாவா கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). 1870 சென்சஸ்ல குடும்பமே இருக்கு. 1860ல தேடினா ஒண்ணும் வரலை. பேரனுக்கு வம்சாவளி எழுதணும், என்ன பண்றது?"

அம்மா, 1860ல மேற்கு வர்ஜீனியான்னு ஒரு மாநிலமே கிடையாது. உள்நாட்டுப் போர் நடந்துட்டிருக்கும்போது, 1863 ஜூன்லதான் வர்ஜீனியாவுல இருந்து பிரிஞ்சுது. அதனால மாநிலம் வர்ஜீனியா, கவுண்டி கனாவான்னு போட்டுப் பாருங்க.

அப்பவும் வரலையா, பேர்ல கோளாறு இருக்கும். கணக்கெடுக்க வந்தவர் காதுல விழுந்தபடி எழுதினார், அந்தக் கையெழுத்தைப் பின்னாடி இன்னொருத்தர் படிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தினார். நான் குடும்பப் பேரையே விட்டுட்டு, பிள்ளைங்க பேரையும் வயசையும் வெச்சுத் தேடுவேன். வயசையும் ரொம்ப நம்பாதீங்க. பத்து வருஷத்துல ஏழு வயசு மட்டும் ஏறின அம்மாக்கள் நிறைய உண்டு!

இன்னொண்ணு. மருமகள் கறுப்பினக் குடும்பமான்னு நீங்க சொல்லலை. அப்படி இருந்து, முன்னோர் அடிமைகளா இருந்திருந்தா கதையே வேற. கனாவாவுல உப்புக் காய்ச்சுற தொழில் பெருசு, அதுல பெரும்பாலும் அடிமைகளைத்தான் வேலை வாங்கினாங்க. 1850லயும் 1860லயும் அவங்களுக்குன்னு தனித்தாள். முதலாளி பேர் இருக்கும், கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். பேர் அநேகமா இருக்காது. விடுதலையானவங்க எல்லாரும் பேரோட வர்ற முதல் சென்சஸ் 1870. அதுக்கு முன்னாடி போகணும்னா முதலாளியோட உயில், சொத்துப் பட்டியல்னு கவுண்டி கோர்ட் பதிவுகளைத்தான் புரட்டணும். ஆடு மாடு வரிசையில மனுஷங்க பேர் இருக்கும், மனசைத் திடப்படுத்திக்கிட்டுப் பாருங்க.

முன்னோர் அடிமைகளா இல்லைன்னா 1850 வரைக்கும் வீட்டுல எல்லார் பேரும் கிடைக்கும். 1840ல குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான், மத்தவங்க வெறும் எண்ணிக்கை. அங்க கவுண்டியும் மாறலாம். 1847ல பூன், 1848ல புட்னம்னு புதுக் கவுண்டிகள் வந்துச்சு, ரெண்டுக்கும் கனாவாவுல இருந்து நிலம் போச்சு. வீடு நகரலை, கவுண்டி நகர்ந்துடுச்சு.

ஃபேமிலிசர்ச்னு வம்சாவளி தேடுற இணையதளத்துல கணக்கு தொடங்கினா இலவசமாவே பார்க்கலாம். பேர் கிடைச்சதும் நிறுத்திடாதீங்க, மூலப் பக்கத்தோட படத்தைத் திறந்து முன்னும் பின்னும் ரெண்டு பக்கம் புரட்டுங்க. பொண்ணு எடுத்த வீடு பல நேரம் பக்கத்து வீடாத்தான் இருக்கும். எழுத்து புரியலைன்னா படத்தை அனுப்புங்க, சேர்ந்து படிப்போம்.